குதிரைக்குப் பின்னால் போகும்போது

பண்ணை வாசலில் நீளமான ஒரு மர வாங்கு கிடந்தது. அதன்மேல் எங்களுக்காக எடுத்து வைத்திருந்த தலைக்கவசங்கள் ஐந்து. வந்தவர்கள் நான்கு பேர்: மகள், மருமகன், பதினொரு வயதுப் பேத்தி, நான். காரை விட்டு இறங்கிய கையோடு எண்ணிவிட்டேன். வேறு யாருக்காவது வைத்ததாக இருக்கலாம் என்று மறுபடியும் எண்ணினேன். பயிற்சி கொடுக்கும் பெண்மணி கையிலிருந்த தாளைப் பார்த்து, "ஐந்து பேர் என்றல்லவா எழுதியிருக்கிறது?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். மகள் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். மருமகன்தான், "நான்கு பேர்தான்," என்றார். பெண்மணி ஒரு தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தாவது என் மனைவிக்கு உரியது. போன நத்தாருக்கு மகள் பதிவு செய்த குடும்ப வார இறுதி அது. சனி, ஞாயிறு இரண்டு நாட்கள். முன்பக்கம் கொம்பு வைத்த பெரிய சேணத்தில், அமெரிக்க மாட்டுக்காரர்கள் ஓட்டுகிற மேற்கத்திய முறையில் ஏறப் பழக்குவார்கள். அதற்கு முன்னால் குதிரையோடு எப்படிப் பேசுவது என்றும் சொல்லிக் கொடுப்பார்கள். பேத்திக்குக் குதிரை என்றால் பைத்தியம். மனைவி, "நான் ஏறமாட்டன். ஒரு கதிரையைப் போட்டுவிடுங்கோ, இருந்து பார்க்கிறன்," என்று அப்போதே சொன்னாள். இருந்தாலும் அவளையும் ஒரு ஆளாகச் சேர்த்துத்தான் பதிந்தார்கள். பெப்ரவரியில் அவள் போய்விட்டாள். இரண்டு முறை தள்ளிப் போட்டு, எட்டு மாதம் கழித்து ஒக்டோபரில் வந்து சேர்ந்தோம். பகேரியாவைத் தாண்டி மலை ஏறும் வீதியில் நாற்பத்து மூன்று வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் மருமகனை மெதுவாகப் போகச் சொன்னேன்.

"மாமா, நான் இன்னும் மெதுவாப் போனால் கார் பின்னுக்குப் போயிடும்," என்றார் அவர்.

குதிரை பார்க்க நான் வரவில்லை. மகளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எட்டு மாதமாகச் சொல்லவில்லை. வீட்டில் தொலைக்காட்சி, பேத்தியின் பள்ளிக்கூட வேலை, அடுப்பு என்று எப்போதும் ஏதாவது குறுக்கே வந்தது. உண்மையைச் சொன்னால், குறுக்கே வருவதற்கு நான் காத்திருந்தேன்.

எங்கள் வீடு பாலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடி. எழுபத்தெட்டுப் படிகள். மின்தூக்கி கிடையாது. மனைவிக்கு இதய நோய் இருந்தது. நெஞ்சு பிடித்தால் நாக்குக்குக் கீழே இரண்டு தரம் அடிக்கச் சொல்லி டொக்டர் ஒரு சிறிய சிவப்புப் போத்தலில் விசிறும் மருந்து கொடுத்திருந்தார். அது எப்போதும் அவளுடைய கைப்பையில் இருக்கும். பெப்ரவரியில் அன்று காலை அவளுக்குக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கைரேகை கொடுக்கும் நாள். எட்டு நாற்பதுக்குப் புறப்பட்டாள். என் முழங்கால் அந்த வாரம் மோசமாக இருந்ததால் நான் கூடப் போகவில்லை. கதவடியில் நின்று அவள் இறங்குவதை எண்ணினேன். தற்செயலாக உள்ளே திரும்பிப் பார்த்தபோது மேசையில், அவளுடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், சிவப்புப் போத்தல் இருந்தது. பையை மாற்றும்போது எடுத்து வைத்து மறந்திருக்கிறாள். அப்போது அவள் இருபத்திரண்டாவது படியில் நின்றாள். அவளுடைய உச்சி வகிடு எனக்குத் தெரிந்தது.

நான் கூப்பிடவில்லை.

ஒரு காரியத்துக்குப் புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். சட்டம் போட்டவள் அவள். நான் படித்தவன், யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தவன். பாலெர்மோவில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் வீடு துடைத்து, மற்றவர்களின் தகப்பன்மாரைக் குளிப்பாட்டியபோதும் இதையெல்லாம் நம்பியதில்லை. ஆனால் முந்தைய தடவை இதே பெர்மெஸ்ஸோவுக்கு அவள் போனபோது, குடையை விட்டுவிட்டாள் என்று படியில் வைத்துக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஒரு படம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மூன்று தரம் அலைந்தாள். "இஞ்சருங்கோ, நீங்கள் பின்னாலை கூப்பிட்டதாலைதான்," என்று ஒரு வருடம் சொல்லிக்காட்டினாள். இனிமேல் கூப்பிடுவதில்லை என்று அவளுக்குச் சத்தியம் செய்திருந்தேன்.

போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். எங்கள் தெருவில் எல்லாரையும் போல நாங்களும் பல்கனியில் ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். பாண்காரனுக்கும் மரக்கறிக்காரனுக்கும் இறக்குவோம். அதில் வைத்து இறக்கலாம் என்று நினைத்தேன். அவள் தெருவுக்கு வந்து நடந்துகொண்டிருந்தாள். கூடையை இறக்கினாலும் அவளைக் கூப்பிட்டால்தானே திரும்புவாள். பதினான்கு எட்டில் மூலையில் திரும்பி மறைந்தாள். பின்னேரம் வந்துவிடுவாள்தானே என்று போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வியா மக்வேதா என்ற வீதியில், பயணப் பெட்டி விற்கும் கடை ஒன்றின் முன்னால் அவள் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் கதிரை கொடுத்தாராம். அம்புலன்ஸ் வந்தது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கைப்பையை என்னிடம் தந்தார்கள். மகள் வருவதற்கு முன்னால், சட்டைப் பைக்குள் நான் போட்டுக் கொண்டுவந்திருந்த போத்தலை எடுத்து அந்தக் கைப்பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று என்னிடம் கேட்டால், கை வைத்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

அதனால் நடந்தது என்னவென்றால், மகள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கும் ஒன்பது பதினான்குக்கும் தாய் அவளுக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறாள். மகள் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளர்கள் நின்றதால் எடுக்கவில்லை. "மருந்து பைக்குள்ளையே இருந்திருக்கு, அப்பா. பதட்டத்திலை மறந்திருப்பா. நான் கோலை எடுத்திருந்தால், அம்மா மருந்தை அடியுங்கோ எண்டு சொல்லியிருப்பன். ஒரு வார்த்தை," என்று செத்தவீட்டில் சொன்னாள். முப்பத்தோராம் நாள் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். எட்டு மாதத்தில் மெலிந்துவிட்டாள். கைப்பேசியின் கண்ணாடி வெடித்திருந்தும் புதிது வாங்க மறுத்தாள். அந்த இரண்டு அழைப்பும் அதில் இருக்கின்றன.

இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முழுவதும் குதிரையில் ஏறவில்லை. தரையில் நின்றுதான் பாடம். பயிற்சிப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். குரல் தடித்த ஆள். என்னை முதல் நிமிடத்திலேயே "நொன்னோ" என்று தாத்தா முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கிடைத்தது மண்ணிறக் குதிரை, பத்தொன்பது வயது. இடது முன்னங்காலில் மட்டும் வெள்ளை. பேத்தி அதன் பற்களை எண்ண ஆசைப்பட்டாள். அது என்னிடமிருந்து வந்த பழக்கம்.

"மாமா, கால் நாலுதான். நான் பார்த்திட்டன், நீங்கள் எண்ணத் தேவையில்லை," என்றார் மருமகன்.

முதல் பாடம் கயிறு. குதிரையின் தலைவாரில் கட்டிய கயிற்றை மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். அது ஒரு அடி எடுத்து வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். "தளர்த்துவதுதான் நீங்கள் சொல்லும் நன்றி," என்றாள் பெண்மணி. "வந்த பிறகும் இழுத்தால் அது இனி வராது." நான் இழுத்தேன். குதிரை ஒரு அடி வைத்தது. இரண்டாவது அடியும் வைக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அது தலையைத் தூக்கிவிட்டது.

"அம்மப்பா, basta. விடுங்கோ. அது வந்திட்டுது," என்றாள் பேத்தி.

"ஒரு அடிதானே வந்தது."

"ஒரு அடி காணும் அம்மப்பா."

இரண்டாவது பாடத்தில்தான் நான் பிழை விட்டேன். குதிரையைத் தூரிகையால் தேய்த்துக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போக வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு அதன் பின்பக்கமாகச் சுற்றி நடந்தேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். குதிரை இடுப்பை ஒரே வெட்டாக வெட்டித் திரும்பியது. பின்னங்கால் பட்டு இரும்பு வாளி பறந்து வேலியில் மோதியது. மருமகன் என் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினேன். மகள் வெளிறிப்போய் நின்றாள்.

"ஏன் பேசாமல் போனீர்கள்?" என்று பெண்மணி உரத்துக் கேட்டாள். "குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. பின்னால் போகும்போது குரல் கொடுக்க வேண்டும். நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எதையாவது பேசுங்கள். எண்ணுங்கள், பாடுங்கள். பின்னால் சத்தமில்லாமல் நிற்பவன் அதற்கு ஓநாய் மாதிரி."

மகளுக்குப் பயம் தெளிந்து சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. அவள் அந்தப் பெண்மணிக்கு இத்தாலிய மொழியில் விளக்கினாள்: எங்கள் ஆட்கள் பின்னாலிருந்து யாரையும் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும், அம்மா இதில் மிகவும் கண்டிப்பு, அப்பாவைப் பழக்கி வைத்திருந்தார்.

"அப்படியென்றால், நீங்கள் பின்னால் நிற்பது முன்னால் போகிறவருக்கு எப்படித் தெரியும்?" என்று பெண்மணி கேட்டாள்.

மகள் தோளைக் குலுக்கினாள். "தெரியாது," என்று சொல்லி இன்னும் சிரித்தாள். நான் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

மத்தியானம் மகள் கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். பேத்தியும் மருமகனும் குதிரைகளுக்குக் கரட் கொடுக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் மர வாங்கில் இருந்தோம். இதுதான் நேரம் என்று நினைத்தேன். ஐம்பது வரை எண்ணிவிட்டுச் சொல்வோம் என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தொன்றில் அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"இண்டைக்கு அம்மா இஞ்சை இருந்திருப்பா," என்றாள். வெடித்த கண்ணாடியில் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டாள். "ரண்டு நிமிசம் விட்டு ரண்டாந்தரம் எடுத்திருக்கிறா. அந்த ரண்டு நிமிசமும் நான் ஒரு ஜேர்மன்காரிக்குத் துவாய் எங்கை இருக்கெண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான்."

"அதை விடு பிள்ளை."

"விடத் தெரியேல்லை அப்பா."

நான் சம்பல் டப்பாவை மூடினேன். மூடி சரியாக இறுகவில்லை என்று திறந்து மறுபடியும் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்றம். எனக்கு எழுபத்து மூன்று வயது, முழங்கால் சரியில்லை, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு குளிசை என்று எல்லாவற்றையும் பெண்மணியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மூன்று படி உள்ள ஒரு மரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேர் பிடித்து ஏற்றினார்கள். மேலே போனதும் சேணத்தின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெண்மணி பேத்தியையும் மருமகனையும் மற்றப் பக்கத்துப் பயிற்சி வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் குதிரையை மகள் கயிற்றில் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"கொம்பை விடுங்கோ அப்பா. குதிரைக்கு உங்கடை பயம் தெரியும் எண்டு அவ சொன்னவ."

"விழுந்தால்?"

"விழமாட்டியள். நான் முன்னாலை போறன்."

முதல் சுற்றுக்கு நூற்றெண்பது எட்டுக்கள் வந்தன. இரண்டாவது சுற்றில் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். தாயின் அதே உச்சி வகிடு. மேலிருந்து பார்க்கும்போது அன்று படியில் தெரிந்தது போலவே தெரிந்தது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்குத் துணிவு தந்தது என்று நினைக்கிறேன்.

"பிள்ளை," என்றேன். "அந்த மருந்து அம்மாவின்டை பைக்குள்ளை இருக்கேல்லை."

கயிறு தொய்ந்தது. குதிரை நான்கு எட்டு வைத்து நின்றது.

"மேசையிலை இருந்தது. நான்தான் பிறகு ஆஸ்பத்திரியிலை வைச்சனான். நீ கோலை எடுத்திருந்தாலும் அம்மாவிட்டை மருந்து இல்லை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

அவள் திரும்பவில்லை. "மேசையிலை இருந்ததெண்டு எப்ப கண்டனீங்கள்?"

பிறகுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

"அம்மா இறங்கிக்கொண்டு இருக்கேக்கை," என்றேன்.

"கூப்பிடேல்லையோ?"

"புறப்பட்டுப் போறவளை…"

"எத்தினையாவது படியிலை, அப்பா?"

என்னை அவளுக்குத் தெரியும். எண்ணாமல் இருந்திருக்கமாட்டேன் என்று தெரியும்.

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு படி," என்று அவள் சொன்னாள். குதிரையின் காதுகள் அவள் பக்கம் திரும்பின. மற்றப் பக்கத்திலிருந்து பேத்தி சிரிப்பதும், "அப்பா, guarda, பாருங்கோ, ஒரு கையாலை ஓட்டுறன்," என்று கத்துவதும் கேட்டது. மகள் கயிற்றை இறுக்கினாள். குதிரை நடந்தது. மீதி நூற்றிரண்டு எட்டும் அவள் நேரே பார்த்தபடி நடந்தாள். வயதான ஒரு மனிதனைக் குதிரைமேல் விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் சுற்றை முடித்தாள். மரப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் இடது காலைச் சேணத்தின் மிதிவளையத்திலிருந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கைகொடுத்து இறக்கினாள். மூன்று படியும் நான் இறங்கும்வரை என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"எட்டு மாசம் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள்," என்றாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நான் அந்தப் போனை வைச்சுக்கொண்டு இருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள். அம்மா தெரியாமல் போனா. நான் உங்களுக்கு முன்னாலைதானே இருந்தனான்."

பெண்மணி வந்து கயிற்றை வாங்கினாள். மகள் கார் நிற்கும் பக்கமாக நடந்தாள். புழுதித் தரை, பிறகு வேலி, பிறகு ஒலிவ மரங்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கூப்பிடுங்கள், நொன்னோ," என்றாள் பெண்மணி மெதுவாக. தமிழ் தெரியாதவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்.

எனக்கு வாய் திறந்தது. கூப்பிடுவதற்குப் பதிலாக நான் எண்ணினேன். அறுபத்தாறாவது எட்டில் மகள் வேலியைக் கடந்தாள்.

திரும்பி வரும்போது நாற்பத்து மூன்று வளைவுகளிலும் நான் மெதுவாகப் போகச் சொல்லவில்லை. மருமகன் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். பேத்தி பின் இருக்கையில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தலைக்கவசத்தின் வார் பட்ட சிவப்புக் கோடு அவள் நாடியில் இருந்தது.

அதற்குப் பிறகு பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள். முன்பு ஞாயிறென்றால் எல்லாரும் மேலே வருவார்கள். இப்போது பேத்தி மட்டும் இடைக்கிடை புதன்கிழமைகளில் வருவாள். அவள் ஒரு நாள் சொன்னாள், "அம்மா புதுப் போன் வாங்கிட்டா, அம்மப்பா. பழையதைக் குடுத்திட்டா." அதைத்தான் நான் விரும்பினேன். அந்த இரண்டு அழைப்புகளும் அவளை விட்டுப் போய்விட்டன. அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

மகள் என்னைப் பட்டினி போடவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குக் கீழே அழைப்பு மணி இரண்டு முறை அடிக்கும். நான் பல்கனியிலிருந்து கூடையை இறக்குவேன். சோறு ஒரு டப்பா, கறி இரண்டு டப்பா, கிழமைக்குரிய குளிசைகள் நாள் பிரித்த பெட்டியில். வைத்துவிட்டுக் கயிற்றை ஒருமுறை இழுத்துக் காட்டுவாள். எழுபத்தெட்டுப் படிகளை அவள் ஏறவில்லை. மேலே பார்ப்பதும் இல்லை.

போன ஞாயிறு அவள் கூடையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். எதிர்ப் பல்கனியில் அந்த வீட்டு இத்தாலியச் சிஞ்ஞோரா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். எட்டு, ஒன்பது. மூலைக்குப் பதினான்கு எட்டுத்தான்.

"பிள்ளை," என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சிஞ்ஞோரா கிளிப்பை வாயில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

மகள் பதினொன்றில் நின்றாள். திரும்பவில்லை.

"என்ன?" என்றாள். "எதையும் விட்டிட்டனோ?"

அவள் எதையும் மறக்கவில்லை. மேலிருந்து பார்த்தேன்; கைப்பை தோளில் இருந்தது, குடையும் இருந்தது. அவளிடம் கேட்பதற்கு எனக்கு நிறைய இருந்தது. மேலே வருவாயா என்று ஒரே மூச்சில் கேட்டிருப்பேன். ஆனால் அவள் நின்றிருந்தாள். பேத்தி சொன்ன அந்த ஒரு அடி வந்துவிட்டது.

"ஒண்டுமில்லை," என்றேன். "நான் இஞ்சைதான் நிக்கிறன்."

சிறிது நேரம் அவள் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. பிறகு நடந்து மூலையில் திரும்பினாள். நான் கூடையை இழுத்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.